குடியால் வந்த மனநோயா... மனநோயால் வந்த குடியா? வீட்டைக் குழப்பும் ‘இரட்டை நோய்’!

ராத்திரி மூன்று மணி. அவரைத் தவிர வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறார். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்க்கிறார். மனைவியின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் போனை எடுத்து, கடைசியாக யார் கூப்பிட்டது என்று தேடுகிறார். பிறகு மனைவியை உலுக்கி எழுப்பி, “வெளியில யாரோ பேசுறாங்க. உனக்குக் கேக்கலையா?” என்கிறார்.

காலையில் சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள். “குடியை விட்டா எல்லாம் சரியாயிடும். இது மப்புல பேசுற பேச்சு” என்கிறார் மாமா. “இல்லண்ணே, இவனுக்குப் புத்தியில ஏதோ கோளாறு. அதனாலதான் குடிக்கவே ஆரம்பிச்சான்” என்கிறார் அவருடைய அம்மா. யார் சொல்வது சரி என்று தெரியாமல் நடுவில் நிற்பது மனைவி.

எந்த ஊர், எந்தத் தெரு என்று பெயர் போட வேண்டிய அவசியமில்லாத காட்சி இது. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு நினைவுக்கு வந்திருக்கும்.

மாமா, அம்மா இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். சில நேரம் இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருக்கும். மருத்துவர்கள் இதை ‘டூயல் டயக்னோசிஸ்’ என்பார்கள். தமிழில் இரட்டை நோய் என்று சொல்லலாம். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், கொஞ்ச நாளில் ஆள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். “மூணு தடவை சென்டர்ல சேர்த்தோம், ஒண்ணும் பிரயோஜனம் இல்ல” என்று பல வீடுகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

38 பேரில் ஒருவர்!

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2019-ல் வெளிவந்தன. அதன்படி, 10 முதல் 75 வயது வரை உள்ள இந்தியர்களில் 14.6 சதவிகிதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேருக்கு ஒருவர்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. புகையிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 22.4 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு போதைப் பழக்கக் கோளாறு இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது.

‘குடிப்பது கெட்ட பழக்கம், அதைப் போய் நோய் என்பதா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதன் வரையறையிலேயே மது மற்றும் போதைப்பொருளால் உண்டாகும் மனநலப் பாதிப்புகளைச் சேர்த்திருக்கிறது.

தூக்கத்துக்காக ஒரு குவார்ட்டர்

முதலில் அம்மாவின் கட்சியைப் பார்ப்போம். மனசு சரியில்லாமல் இருப்பவர் குடிக்க ஆரம்பிப்பது புதிய விஷயம் அல்ல. பதற்றம், தூக்கமின்மை, ஒரு மரணம், தீராத கடன் என்று ஏதோ ஒன்று அழுத்துகிறது. மனநல மருத்துவரிடம் போக வெட்கம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கிண்டலாக்கி வைத்திருக்கும் சினிமா பார்த்து வளர்ந்தவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? டாஸ்மாக் போக அந்த வெட்கம் தேவையில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ‘சுயமருத்துவம்’ என்ற விளக்கத்தைத் தந்தார். தாங்க முடியாத ஒரு மனவலிக்கு, மனிதர்கள் தாங்களே ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னது.

சிக்கல் என்னவென்றால், அந்த மருந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான் வேலை செய்யும். மது சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால், பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். மூன்று மணிக்கு வியர்த்து எழுந்தால், முன்பைவிட அதிகப் பதற்றம். மறுநாள் அதே தூக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும்.

‘ஒரே ஒரு குவார்ட்டர்தானே’ என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம். அப்படியென்றால் ஒரு குவார்ட்டருக்குள் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால், ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. தினமும் ஆறு என்பதை எந்த டாக்டரும் ‘கொஞ்சமாக் குடிக்கிறார்’ என்று எழுத மாட்டார்.

மாலை போட்ட மூன்றாம் நாள்

இனி மாமாவின் கட்சி. குடியே மூளையைக் குழப்பும் என்பதற்கு மிக வெளிப்படையான சாட்சி, குடியை நிறுத்தும்போது கிடைக்கிறது.

மது, மூளைக்கு பிரேக் மாதிரி. வருடக்கணக்காக தினமும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால், வண்டியை ஓட்டுவதற்காக மூளை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வைத்துக்கொள்ளும். திடீரென ஒருநாள் மது நின்றுவிடுகிறது. பிரேக் விடுபடுகிறது, ஆக்ஸிலரேட்டர் அப்படியே இருக்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி வருகின்றன. சிலருக்கு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இன்னும் சிலருக்கு இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் மனக்குழப்பம் வரும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், போர்வையில் எதையோ பொறுக்குவார்கள், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ எனப்படும் இந்த நிலை உயிருக்கே ஆபத்தானது.

சபரிமலைக்கு மாலை போட்ட அன்று மொத்தமாகக் குடியை நிறுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பலருக்கு ஒன்றும் ஆகாது, விரதம் நன்றாகவே முடியும். ஆனால், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிற அளவுக்குக் குடித்துப் பழகியவருக்கு மூன்றாவது நாள் உடம்பு ஆடத் தொடங்கினால், அதை ‘சாமி வந்திருச்சு’ என்று வேப்பிலை அடித்துக் கொண்டிருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிதான். விரதம் இருக்கும் முடிவு நல்ல முடிவுதான். மாலைக்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டால் போதும். நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

2020 ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இந்தப் பிரச்னை மொத்த நாட்டுக்கும் தெரிந்தது. கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவே போட்டது. மருத்துவர்கள் கொதித்தெழ, உயர் நீதிமன்றம் ஏப்ரல் முதல் வாரத்தில் அதற்குத் தடை விதித்தது. ‘மதுவே மருந்தல்ல’ என்பது மருத்துவர்களின் வாதம். அது சரிதான். ஆனால், திடீர் நிறுத்தம் ஆபத்து என்ற அரசின் கவலையும் பொய்யில்லை.

இந்த நேரத்தில் வீடுகளில் நடக்கும் இன்னொரு தவறு, பக்கத்து கிளினிக்கில் ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க’ என்று கேட்பது. நீண்ட நாள் குடிப்பவர்களுக்கு தயமின் எனும் பி1 வைட்டமின் பற்றாக்குறை சகஜம். அதை ஈடுகட்டாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மூளை இன்னும் சிக்கலில் மாட்டலாம். நடை தள்ளாடுவது, கண் ஒரு பக்கமாக ஆடுவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதற்குக்கூட கற்பனையாக ஒரு பதில் சொல்லும் நிலைக்குப் போய்விடுவார்கள். பொய் சொல்கிறார் என்று வீட்டில் திட்டுவார்கள். அவரைப் பொறுத்தவரை அது பொய்யே அல்ல. ஆகவே, குடிப்பவர் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கற்பூரம் அணைத்தாலும் தீராத சந்தேகம்

குடியோடு வரும் மனநோய்களில் பெண்களை அதிகம் வதைப்பது சந்தேகம். மனைவிக்கு வேறு ஒருவருடன் தொடர்பு இருப்பதாக உறுதியாக நம்பத் தொடங்குவார். போனைப் பிடுங்குவார், வேலைக்குப் போகும் வழியில் பின்தொடர்வார், பூ வைத்தால் ஒரு கேள்வி, வைக்காவிட்டால் ஒரு கேள்வி. பிள்ளையின் ஜாடையைப் பற்றிப் பேச்சு வரும். முதலில் போதையில் மட்டும் கேட்பார். பிறகு, தெளிவாக இருக்கும்போதும் கேட்பார். அந்த மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

மருத்துவ உலகில் இதற்கு ‘ஒத்தெல்லோ சிண்ட்ரோம்’ என்று பெயர், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மனைவியைச் சந்தேகித்துக் கொன்ற நாயகனின் பெயர். (அந்த நாடகத்தில் குடித்துவிட்டு மாட்டிக்கொள்வது ஒத்தெல்லோ இல்லை, அவன் சந்தேகப்படும் காஸியோ!) தொடர் குடியால் தாம்பத்தியத்தில் ஏற்படும் இயலாமை, மனைவி விலகிப் படுப்பது, மூளையில் நேரும் மாற்றங்கள் என எல்லாம் சேர்ந்து இந்த நோயை வளர்க்கின்றன.

இங்கேதான் குடும்பங்கள் வருடக்கணக்கை வீணாக்குகின்றன. மனைவி நிரூபிக்கப் பார்க்கிறார். போன் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார், வேலையை விடுகிறார், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறார். பெரியவர்கள் பஞ்சாயத்து பேசி, ‘நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்கிறார்கள். ஆதாரம் காட்டித் தீர்க்க இது வழக்கு அல்ல. மூளை நம்பிவிட்ட ஒன்றை எந்த ஆதாரமும் மாற்றாது, சத்தியம் செய்ததே புதிய சந்தேகத்துக்குக் காரணமாகும். மாத்திரை தேவைப்படும் நோய் இது.

அடியும் மிரட்டலும் சேர்ந்துவிட்டால், சிகிச்சைக்கு அவர் சம்மதிக்கும்வரை காத்திருப்பது ஆபத்து. சந்தேக நோய் கொலை வரை போகக்கூடியது என்பதை மனநல மருத்துவம் நெடுங்காலமாகவே எச்சரிக்கிறது. முதலில் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. நோயாளி என்பதற்காக அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

குரல் கேட்பதும் இதே வரிசையில் வருவதுதான். பெரும்பாலும் திட்டும் குரல், மிரட்டும் குரல். குடியால் வந்த குரல் என்றால், குடியை நிறுத்திய சில நாள்களில் அல்லது வாரங்களில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால்?

அந்த நான்கு வாரம்

அதற்கான பதிலில்தான் மாமாவுக்கும் அம்மாவுக்குமான வழக்கு தீரும். குடியை நிறுத்தி, நடுக்கம் எல்லாம் அடங்கியபின், சுமார் நான்கு வாரம் மருத்துவர்கள் கவனிப்பார்கள். குடியால் வந்த மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் இந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். வடியாமல் நின்றால், அடியில் தனியாக ஒரு மனநோய் இருக்கிறது என்று அர்த்தம். குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அறிகுறி இருந்ததா, ரத்த உறவில் யாருக்காவது மனநோய் உண்டா என்பதையும் கேட்பார்கள். இந்த விஷயத்தில் அம்மாவின் ஞாபகசக்தி எந்த ஸ்கேனையும்விட உதவியாக இருக்கும்.

நான்கு வாரம் சும்மா காத்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குரல் கேட்கிறது, சாக வேண்டும் என்கிறார் என்றால் அன்றைக்கே சிகிச்சை தொடங்க வேண்டும். ‘முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க’ என்று மனநலப் பிரிவும், ‘முதல்ல மனநோயைச் சரிபண்ணிட்டு வாங்க’ என்று மறுவாழ்வு மையமும் மாற்றி மாற்றி அனுப்புவதில் நொந்து போன குடும்பங்கள் ஏராளம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் சரியான முறை.

கஞ்சாவும் காலேஜ் பையனும்

‘கஞ்சா மூலிகைதானே ப்ரோ’ என்ற வசனம் இன்று பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்டது. ஸ்வீடனில் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1987-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ராணுவத்தில் சேரும் முன்பே 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு, பின்னாளில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. புகைக்கிற எல்லோருக்கும் வராது. ஆனால், வரப்போவது யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. குடும்பத்தில் மனநோய் இருந்தால், பதின்வயதிலேயே தொடங்கியிருந்தால் ஆபத்து அதிகம்.

இங்கேயும் அதே குழப்பம் உண்டு. பையன் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான், குளிப்பதில்லை, படிப்பு இறங்குகிறது. கஞ்சாவால் இப்படி ஆனானா, உள்ளே தொடங்கிவிட்ட நோயைத் தாங்க முடியாமல் கஞ்சாவைப் பிடித்தானா? இரண்டுமே நடக்கும். பையை சோதனை போட்டு அடிப்பதால் இரண்டில் ஒன்றுகூடத் தெரிய வராது.

பீடி விஷயம் ஒன்று உண்டு, பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபைன், ஓலன்சபைன் போன்ற மாத்திரைகளை, புகையிலைப் புகை கல்லீரலில் வேகமாகக் கரைய வைத்துவிடும். வார்டில் பீடி இல்லாமல் இருந்தபோது நன்றாக இருந்தவர், வீட்டுக்கு வந்து தினம் ஒரு கட்டு பீடி பிடித்தால் அதே மாத்திரை பத்தாமல் போகலாம். புகையைத் திடீரென நிறுத்தினால் அதே மாத்திரை கூடுதலாகி, ஆள் தூங்கி வழிவார். புகைப்பதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

காபியில் கலக்கும் மருந்து

‘குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரம் போஸ்டரிலிருந்து யூடியூப் வரைக்கும் வந்துவிட்டது. வாங்குவது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். வேறு வழி தெரியாமல் வாங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பொடியில் இருப்பது டைசல்ஃபிராம் என்ற மாத்திரையாக இருந்தால் விபரீதம். அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். டைசல்ஃபிராம் மோசமான மருந்து அல்ல. நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கி, பரிசோதனை செய்து கொடுத்தால் உதவும். ஆனால், ஏற்கெனவே குரல் கேட்பவர், சந்தேக நோய் உள்ளவருக்கு அந்த நோயைக் கிளப்பிவிடவும் கூடும். ‘என் சாப்பாட்டில் எதையோ கலக்குகிறாள்’ என்று சந்தேகப்படுகிறவரின் காபியில் உண்மையிலேயே எதையோ கலந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சங்கிலி இருக்கும் இடத்துக்கு வேண்டாம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 உயிர்கள். 2017 சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தெளிவாகவே தடை செய்கிறது. ஆனாலும் அடித்துத் திருத்தும் ‘மறுவாழ்வு மையங்கள்’ பற்றிய செய்திகள் நின்றபாடில்லை. சேர்ப்பதற்கு முன், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வாரம் ஒருமுறையாவது வீட்டார் நேரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். ‘மூணு மாசம் பார்க்கவே கூடாது’ என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

நம்பிப் போக இடங்களும் இருக்கின்றன. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை. குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று அங்கே தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் குடிநோய்க்கும் சேர்த்தே சிகிச்சை பெறலாம். நேரில் போகும் முன் பேசிப் பார்க்க 14416 என்ற ‘டெலி மனஸ்’ எண் இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென தனியாக 14446. ‘சாகலாம்போல இருக்கு’ என்று வீட்டில் யார் சொன்னாலும், போதையில் சொன்னாலும், அந்த 14416-ஐ அழுத்தத் தயங்காதீர்கள்.

போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் பழைய ரஃப் நோட்டாகவே இருக்கட்டும். முதன்முதலில் குடித்தது எந்த வயதில், தினமும் என்று ஆனது எப்போது, நாளுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, சந்தேகமோ குரலோ தொடங்கியது எந்த மாதம், குடிக்காமல் இருந்த நாள்களில் எப்படி இருந்தார், வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். மாமியார் சொல்வதும் மனைவி சொல்வதும் அநேகமாகப் பொருந்தாது. பரவாயில்லை, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓ.பி. வரிசையில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நோட்டு கையில் இருந்தால், அவர் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.